நான் எடுத்துக் கொடுத்த கனமான லேப்டாப்

அன்புள்ள பாப்பா,

பெட்டியைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதத்தைப் படி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன்னை எனக்குத் தெரியாதா? முதலில் லேப்டாப்பை எடுத்திருப்பாய். மூடியைத் திறந்து பார்த்து, ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்து, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அவர் கையிலும் கொடுத்திருப்பாய். அதற்கெல்லாம் பிறகுதான் அட்டைக்கு அடியில் மடித்து வைத்த இந்தக் காகிதம் கண்ணில் பட்டிருக்கும். பரவாயில்லை. இப்போதாவது உட்கார்ந்து படி. கொஞ்சம் நீளம்தான்.

நம்ம ராஜபாளையத்துக்கும் உன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம். “இந்தா இருக்கிற ஊருக்குப் போய் யாராவது லெட்டர் எழுதுவாகளா?” என்று உங்கம்மா சிரிக்கிறாள். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் கிடந்தவனுக்கு, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதித்தான் பழக்கம். உனக்கு முதல் பல் முளைத்ததையும் நீ முதன்முதலில் பள்ளிக்கூடம் போனதையும் நான் காகிதத்தில்தான் பார்த்தேன். அதோடு, போனில் பேசினால் நீ பாதியிலேயே “சரி விடுங்கப்பா” என்பாய், நானும் விட்டுவிடுவேன். இந்த விஷயத்தை அப்படி விடக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் இருப்பதுதான் கல்யாணத்துக்கு முன்னால் நீ கேட்ட லேப்டாப். “அது கடையில தீந்துபோச்சு பாப்பா, அதான் பெருச எடுத்துட்டு வந்துட்டேன்” என்று அன்றைக்கு நான் சொன்னேன் அல்லவா? பொய். கடையில் அது என் கண் முன்னால்தான் இருந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். காட்டு யானைகளைக் கண்காணிக்கிற உன் ஆபீஸில் கொடுத்திருந்த லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இனி அவரவர் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீயே வாங்கிக்கொள்கிறேன் என்றாய். நான்தான், “சீரோட சீரா அதையும் நான் வாங்கித் தாரேன்” என்று மார் தட்டினேன். நீ ஒரு காகிதத்தில் பெயரை எழுதிக் கொடுத்து, காரணத்தையும் சொன்னாய். செண்பகத்தோப்பு அடிவாரத்தில் மரத்துக்கு மரம் நீங்கள் கட்டியிருக்கும் கேமராக்களிலிருந்து கார்டை எடுத்து, அங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும். முந்தின நாள் யானை எந்தப் பக்கம் இறங்கியது என்று தோப்புக்காரர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும். காட்டோரத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. வெயிலில் திரை தெரிய வேண்டும். முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிற எடையாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னாய். நானும் தலையை ஆட்டினேன்.

பஞ்சு மார்க்கெட் பக்கத்துக் கடையில் பாய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சின்னது சாம்பல் நிறத்தில், பார்க்க ஒரு பரீட்சை அட்டை மாதிரி இருந்தது. பெரியது பளபளவென்று, பட்டனுக்கு அடியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு ஓடிக்கொண்டு, அகலத் திரையோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. நான் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். உங்கம்மா பாத்திரக் கடையில் அண்டாவைத் தூக்கிப் பார்ப்பாளே, அப்படி.

“என்ன பாய், இதுல ஒண்ணுமே இல்லியே. காலி டப்பா மாதிரி இருக்கு.”

“வெயிட்டு இல்லாம செய்யுறதுக்குத்தான் சார் துட்டே. ரெண்டும் ஒரே வெலதான்.”

“ஒரே வெலைக்கு எதுக்கு பாய் சின்னத வாங்கணும்?”

அவர் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார். “பாப்பா எங்க வச்சு வேல பாக்கும் சார்?”

நான் கொஞ்சமும் யோசிக்காமல், “வீட்டுலதான்” என்றேன்.

பெரியதை எடுத்ததற்கு முதல் காரணம் வெட்டி ஜம்பம். சீர் பரப்புகிற மேசையை நான் மனதுக்குள் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் வெண்கலம், ஒரு பக்கம் எவர்சில்வர், நடுவில் இந்தப் பரீட்சை அட்டையை வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? வந்தவர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வரும்போது அங்கே வந்து நிற்க வேண்டாமா? ஹவில்தார் மகளுக்கு என்ன செய்தார் என்று நாலு பேர் பேச வேண்டாமா? இதுதான் என் புத்தி. எங்கே வைத்தால் நன்றாகத் தெரியும் என்று பார்த்தேனே தவிர, யார் தூக்கப் போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எடை என்பது என்ன என்று இந்த வீட்டில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. மலைமேல் காவல் போஸ்ட்டுக்கு ஏறும்போது எடையைக் குறைக்கப் பல் தேய்க்கிற பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக ஒடித்து எறிந்தவன் நான். துண்டைப் பாதியாகக் கிழித்து, சோப்பைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு போனவன். அப்படிப்பட்டவன் பெற்ற மகளின் முதுகுக்கு, செங்கல் தண்டிக்கு இருக்கிற சார்ஜரோடு ஒரு பாறாங்கல்லை எடுத்து வந்தேன்.

கல்யாணத்தன்று நடந்தது உனக்கு நினைவிருக்கும். உன் சின்ன வயசுப் படங்கள் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று அதை மேசையில் திறந்து வைத்தேன். சனம் வந்து வந்து பார்த்தது. நெஞ்சு விரிய நின்றுகொண்டிருந்தேன். முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது பொசுக்கென்று அணைந்துவிட்டது. மண்டபத்தில் இருந்த பிளக்கையெல்லாம் மைக் செட்டும் சீரியல் லைட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. பட்டு வேட்டியோடு மேசைக்கு அடியில் தவழ்ந்து ஒயரைத் தேடிக்கொண்டிருந்தவனை, “ஏய், பொண்ணுக்கு அப்பா எங்கப்பா?” என்று ஊரே தேடியது. தலையில் ஒட்டடையோடு நான் வெளியே வந்தபோது மணவறையிலிருந்து நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நல்ல வேளை, பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியதை எடுத்ததற்கு இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். உனக்குப் பூ வைத்த அன்று, நீ உள்ளே இருந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா, உன் அத்தை, என்னிடம், “கல்யாணத்துக்குப் பொறவும் பிள்ள காட்டுப் பக்கம் வேலைக்குப் போகுமாண்ணே?” என்று கேட்டார். கேட்ட தொனி எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நல்ல இடம், கணவரை இழந்து தனியாளாக நின்று பையனை வளர்த்து ஆளாக்கிய அம்மா, நல்ல பையன். கைக்கு வந்த சம்பந்தம் நழுவிப் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். “சேச்சே, அதெல்லாம் இல்ல தங்கச்சி. இனிமே வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பாத்துக்கிடும், அவளே சொல்லிட்டா” என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன். பொறவு பார்த்துக்கொள்ளலாம் என்று உன்னிடமும் மறைத்தேன். வீட்டோடு கிடக்கிற பெரிய லேப்டாப் அந்தப் பொய்க்குத் தோதாக இருந்தது.

உன் பொருளை நான் இப்படிப் பூட்டி வைப்பது முதல் தடவையும் இல்லை. ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்தில் உனக்கு லேப்டாப் கொடுத்தார்கள். நான் அப்போது லீவில் வந்திருந்தேன். புதுசு, தூசி படும், கெட்டுப்போகும் என்று துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். காலேஜ் சேரும்போது எடுத்துக்கொள் என்றேன். அடுத்த லீவில் வந்து எடுத்துப் பார்த்தால் பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. ஒரு நாள்கூட ஓடாமல் செத்துப்போன லேப்டாப் அது. நீ அழுவாய் என்று பார்த்தேன். “துண்டு நல்லா இருக்குப்பா, அத நான் எடுத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்கும் என்னைத் திட்டாமல் விட்டாய். அதற்கு அப்போது சொல்லாத நன்றியை இப்போது சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை மகாராஜபுரத்தில் என் பட்டாளத்துக் கூட்டாளி ஒருவனைப் பார்க்கக் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ்ஸுக்காக நின்றேன். எதிர்ப்பக்கம் நீ நின்றுகொண்டிருந்தாய். முதுகில் அந்தப் பை. பையின் ஜிப் மூடாமல், சார்ஜரும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வெளியே தெரிந்தன. காட்டோரத்தில் எந்தத் தோப்பு மோட்டார் ரூமில் கரண்ட் இருக்கிறதோ அங்கே போய் உட்காருகிறாய் போலிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையை வலது தோளுக்கு மாற்றினாய். செத்த நேரத்தில் இடது தோளுக்கு. பொறவு கழற்றி, கைக்குழந்தையை வைத்துக்கொள்வது மாதிரி முன்பக்கம் கட்டிப் பிடித்துக்கொண்டாய். பஸ் வருவதற்குள் நாலு தடவை மாற்றினாய். உன் முன்னால் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எல்லையில் நின்றவன் பெற்ற மகளுக்குப் பயந்து ஒளிந்த கதை இது. மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

கூட்டாளியைப் பார்க்கப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து நேரே பாய் கடைக்குப் போனேன். “அந்தச் சின்னது இருக்கா பாய்?” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“இருக்கு சார். பாப்பாவும் இதே கேள்வியத்தான் கேட்டுச்சு.”

“எப்ப?”

“கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி. எடுத்துக் காட்டுனேன். கையில வச்சுப் பாத்துச்சு. ‘நான் வந்தத அப்பாகிட்ட சொல்லிராதிய பாய், மேசையில வைக்க ஆசப்பட்டு வாங்கியிருக்காக’ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.”

அப்படியென்றால் உனக்கு அன்றைக்கே தெரியும். மணவறையிலிருந்து நீ சிரித்த சிரிப்பு வேறு மாதிரி ஞாபகத்துக்கு வந்தது. கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் தண்ணீர் கொடுத்தார். லேப்டாப்பைக் கட்டிக் கொடுக்கும்போது, கேமரா கார்டு சொருக இதில் இடம் இல்லை என்று சொல்லி ஒரு சின்ன ஒயரும் சேர்த்து வைத்தார். அது பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது, அட்டையோடு தூக்கிப் போட்டுவிடாதே.

லேப்டாப்பை மட்டும் கொடுத்தால் பாதித் தப்புதான் தீரும் என்று தோன்றியது. மறுநாள், நீ வேலைக்குக் கிளம்பியிருக்கும் நேரம் பார்த்து உன் வீட்டுக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவாவா வாங்கிக்கொண்டு போக முடியும்? ஒரு பை நம்மூர்ச் சப்பட்டை மாம்பழம் கொண்டுபோனேன். உன் அத்தை அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வாங்கண்ணே. என்ன சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிய? அங்க எல்லாரும் நல்லா இருக்காகளா?”

“எல்லாரும் சொகம்தான் தங்கச்சி. ஒரு தப்பச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.” நின்றபடியே சொல்லிவிட்டேன். “பூ வச்ச அன்னைக்கு, வேலைய வீட்டுல இருந்தே பாக்கும், அவளே சொல்லிட்டான்னு சொன்னேம்லா? அவ சொல்லல. நானாச் சொன்னேன். அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

அவர், “அவ வேற மாதிரில்லா சொன்னா” என்றார்.

“என்ன சொன்னா?”

“மொத நா பையத் தூக்கிட்டுக் கெளம்பும்போது நானே கேட்டேன், என்னம்மா உங்கப்பா இப்பிடிச் சொன்னாரேன்னு. ‘அப்பா மேல தப்பில்லத்தே. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். இப்ப வேலைய விட மனசு வரல’ன்னு சொல்லிச்சு.” அவர் குரல் இறங்கியது. “சொன்ன சொல்ல மாத்துற பிள்ளன்னு நெனச்சுட்டேண்ணே. அதுகிட்ட மொகம் குடுத்துப் பேசி ரெண்டு மாசமாச்சு. அதுவும் ஒரு நா ஒரு பொழுது வாய் தொறந்து சொல்லலியே.”

பாப்பா, எனக்கு அழுகை வந்துவிட்டது. சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில், மாம்பழப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். உன் அத்தையும் கண்ணைத் துடைத்தார். பிறகு கோபம் வந்தது அவருக்கு, வர வேண்டிய கோபம்தான். “அன்னைக்கே உள்ளதச் சொல்லியிருந்தா என்னண்ணே? காட்டுக்குப் போறதுல எனக்குப் பயம்தான் இருந்துச்சு, கோவம் இல்ல. யான நடமாட்டம் உள்ள எடம், பிள்ள தனியாப் போகுமான்னு கேட்டேன். என் பயத்த நான் பாத்துக்கிட மாட்டேனா?” நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கொஞ்சம் கழித்து அவரே, “அந்தப் பைய ஒரு நா தூக்கி மேசையில வச்சேன். யாத்தாடி, எம்புட்டு வெயிட்டு! தோள்ல வார் பட்டுத் தடிச்சுக் கெடக்கு பிள்ளைக்கு” என்றார்.

“அதையும் நான்தான் தங்கச்சி வாங்குனேன்.”

“எல்லாத்தையும் நீங்கதான் பண்ணியிருக்கிய” என்றார். அந்த அழுகைக்கு நடுவிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுதி உள்ளே வைத்து, பெட்டியை என் கையால் உன்னிடம் கொடுப்பதாகத்தான் சொன்னேன். “நீங்க கொண்டாந்து எங்கிட்டக் குடுங்க. நான்தான் அது கையில குடுப்பேன், எனக்கும் அதுகிட்டப் பேச வேண்டியது இருக்கு” என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்நேரம் உன் அத்தை உன்னிடம் பேசியிருப்பார். நீயும் பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் அவரிடம் பேசு. அவர் நியாயமான மனுஷி. அவரை நியாயமாக இருக்க விடாமல் செய்தது நான்தான்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்கிற உரிமையில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் யாருடைய பொய்யையும் உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. என்னுடையதையும் எடுத்துக்கொள்ளாதே. நான் நாலு பேர் முன்னால் குனிந்து நிற்கக் கூடாது என்று நீ நினைத்தாய். அந்த மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? ஆனால் குனிய வேண்டிய இடத்தில் நான் குனிந்துதான் ஆக வேண்டும் பாப்பா. குனிந்துவிட்டு வந்த பிறகு இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று உங்கம்மா சொல்கிறாள்.

அந்தப் பெரிய லேப்டாப்பும் வீணாகாது. இங்கே மேசைமேல் ஒரே இடத்தில் பிளக்கோடு கிடக்கட்டும். அகலத் திரை, உங்கம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும். உன் கேமராவில் விழும் யானையையும் மலையணிலையும் அனுப்பு, பெரிதாகப் பார்க்க வேண்டுமாம் அவளுக்கு. என் பட்டாளத்துக் கூட்டாளிகளுக்குப் பென்ஷன் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கவும் ஆகும். அதற்கு ஏற்ற வேலை இதுதான்; தப்பு அந்த லேப்டாப்பின் மேல் இல்லை.

மலை ஏறும்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் மூச்சு வாங்கிப் பின்தங்கினால், பக்கத்தில் வருபவன் ஒன்றும் பேசாமல் அவன் மூட்டையிலிருந்து எதையாவது எடுத்துத் தன் மூட்டையில் போட்டுக்கொள்வான். யாரும் யாருக்கும் நன்றி சொல்ல மாட்டோம். ஆனால் மேலே போய்ச் சேர்ந்ததும், பின்தங்கியவன் தானாகப் போய்த் தன் பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் சும்மா இருந்துவிட்டவனோடு யாரும் சேர்ந்து நடக்க மாட்டார்கள். நீ இரண்டு மாதமாக என் பாரத்தைச் சுமந்தாய், ஒன்றும் பேசாமல். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன். எங்கள் வழக்கத்தை மீறி நன்றியும் சொல்கிறேன். நீ என் மகளாகப் பிறந்ததற்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் இங்கே வரும்போது அந்தப் பெரிய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா.

வேண்டாம். நீ தூக்காதே. நானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன்.

உன் அப்பா